படகேறாத அம்மா

கப்பல் கவிழும் படம் எதுவானாலும் அதில் தவறாமல் ஓர் அம்மா இருப்பார். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், முகம்தான் நினைவிருக்காது. கேப்டனுக்கு வீரம் உண்டு, காதலர்களுக்குப் பாட்டு உண்டு, சமையல்காரருக்குக்கூட இரண்டு நகைச்சுவை உண்டு. இவருக்கு ஈரத்துணி மட்டும்தான். பிள்ளையைப் படகில் ஏற்றிவிட்டு, "நீ போ கண்ணு, அம்மா பின்னாலயே வர்றேன்" என்பார். வரமாட்டார். அது அந்தப் பிள்ளையைத் தவிர தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும்.

நம்முடைய அம்மா நடிகை இப்படி நான்கு கப்பல்களில் மூழ்கியவர். நீச்சல் நன்றாகத் தெரியும். படக் கம்பெனியில் சொன்னதில்லை, பிழைப்பில் மண் விழுந்துவிடும். வீட்டுக்கு வந்தாலும் வேஷம் கலையாது. எல்லோரும் படுத்த பிறகு மின்விசிறிக் காற்று எட்டாத மூலை, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருக்கும் அடிப்பிடித்தது, எல்லோரும் குளித்த பிறகு ஆறிப்போன வெந்நீர், இத்தனையையும் வற்புறுத்திக் கேட்டு வாங்கிக்கொள்வார். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்பார். அந்த அப்புறம் வந்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆனாலும் ஒரே ஒருத்தராவது ஒருமுறை "நீ முதல்ல உக்காரு" என்று சொல்லமாட்டாரா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்தாவது கப்பலில் வினை வந்தது. ஸ்டுடியோ தண்ணீர்த் தொட்டியில் படகை விட்டார்கள். அதில் உட்கார வேண்டிய துணை நடிகர் ஒருவர் வயிற்றுவலி என்று ஒதுங்கிவிட்டார். கேமரா ஓடியது. அம்மா, மகளாக நடிக்கும் சிறுமியை ஏற்றினார். பக்கத்தில் காலியாக இருந்த பலகையைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் கேமராவை நிறுத்தச் சொன்னார். பிறகு பொறுமையாக, "அம்மா, நீங்க சாகணும்" என்றார்.

"எடம் இருக்கே தம்பி."

இயக்குநர் கதாசிரியரை அழைத்தார். அம்மா பிழைத்துவிட்டால் இடைவேளைக்குப் பிறகு மகள் வளர்ந்து, கடற்கரையில் நின்று எதை நினைத்துப் பாடுவாள் என்று கேட்டார் கதாசிரியர். நியாயமான கேள்வி. தயாரிப்பு நிர்வாகி சுற்றி வளைக்கவில்லை. இறங்காவிட்டால் மதியத்துக்குள் வேறு அம்மாவை வரவழைத்துவிடுவதாகச் சொன்னார். அம்மாக்களுக்கா பஞ்சம்? அம்மா பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அந்தச் சிறுமிதான் வாய் திறந்தாள். "ஆன்ட்டி உக்காரட்டும். நான் தள்ளிக்கிறேன்."

அவ்வளவுதான். வேலை போகும் என்றபோது இறங்காதவர், "நீ சொன்னதே போதும் கண்ணு" என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டு இறங்கி, ஒரே டேக்கில் மூழ்கினார். ஒளிப்பதிவாளர்கூட மூக்கை உறிஞ்சினார். அந்தப் பலகை கடைசிவரை காலியாகவே இருந்தது.

ஐயோ பாவம் என்கிறீர்கள். இருக்கட்டும், உள்ளேயிருந்து உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் பாருங்கள். "நீங்க ஆரம்பிங்க, நான் இதோ வர்றேன்" என்றுதானே சொல்லப்போகிறீர்கள்?

உங்களுக்கு நீச்சல் தெரியுமா?