க்ரோக்வோய் தீவில் இடமில்லை

"ரூம் இல்ல தம்பி. ஒண்ணுகூட இல்ல" என்றாள் விடுதிக்கார ராக்னா, வாஃபிள் மாவைக் கலக்கியபடியே.

டோர்கிரிமுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டான்.

க்ரோக்வோய் தீவுக்குப் புது ஹோட்டல் தேவையா என்று பார்த்துவரத்தான் அலுவலகம் அவனை அனுப்பியிருந்தது. "யாருன்னு மூச்சு விடாதே. தெரிஞ்சா ஊரே கூடிப் பொய் சொல்லும். டூரிஸ்ட் மாதிரி போ" என்று மேலதிகாரி ஹெர்டிஸ் சொல்லியிருந்தாள். போன தடவை அவன் சிபாரிசில் எழும்பிய ஹோட்டலில் இன்றுவரை கடற்காக்கைகள்தான் குடும்பம் நடத்துகின்றன. இந்தத் தடவையும் சொதப்பினால் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றம்.

"ஏதாவது ஒரு மூலை குடுங்கக்கா."

"மீன் காயப்போடுற கொட்டகை இருக்கு. மூக்கு இல்லாதவன்னா சொகமா தூங்கலாம்."

மூக்கோடுதான் தூங்கினான். காலையில் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு இருபுறமும் இருந்தவர்கள் நாகரிகமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

வெளியே மழை பக்கவாட்டில் அடித்தது. தீவில் பார்ப்பதற்கு ஒரு தேவாலயமும் நிறைய ஆடுகளும். ஆனாலும் விடுதி நிரம்பி வழிந்தது. எதிரே பழுப்புச் சீஸை அறுத்துக்கொண்டிருந்த வழுக்கைத் தலையரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"ஊரு பிடிச்சிருக்கா சார்?"

"பிரமாதம்! உங்களுக்கு?"

"அருமை! மறுபடி வருவீங்களா?"

"குடும்பத்தோட வருவேன். நீங்க?"

"மாமியாரையும் கூட்டிட்டு வருவேன்" என்றான் டோர்கிரிம். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஹெர்டிஸுக்குப் போன் போட்டான். "மேடம், தீவு பிதுங்குது!"

"போன தடவையும் இதையேதான் சொன்னே. சரிபார்க்க ரெண்டு பேரை அனுப்புறேன்."

இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்குப் படுக்க இடம் வேண்டாமா? கொட்டகையை அவர்களுக்கு விட்டுவிட்டு, ராக்னா வீட்டுக் குளியல் தொட்டிக்குக் குடிபெயர்ந்தான். காலை எழுந்ததும் கழுத்து இடதுபக்கம் திரும்ப மறுத்தது. ராக்னாவின் புருஷன் துண்டும் சோப்புமாக வாசலில் நின்றார்.

"தம்பி, நான் குளிக்கணும். நீ எந்திரிக்கிறியா, இல்ல மேலயே ஊத்திக்கட்டுமா?"

அன்றைய படகில் இன்னும் நாலு பேர் வந்தார்கள். இருவருக்குத் தேவாலய பெஞ்சு கிடைத்தது. ஒரு அம்மாள் ஆட்டுப்பட்டியில் வைக்கோலைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "இயற்கையோட இருக்கத்தான் வந்தேன்" என்று பல்லைக் கடித்தாள். ஆட்டுக்குச் சம்மதமில்லை. அவளுடைய தொப்பியைத் தின்றுவிட்டது.

டோர்கிரிமுக்குக் கண் கலங்கியது. ஆட்டுப்பட்டியில்கூட இடத்துக்கு அடிதடி! இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சரிபார்க்க வந்த இருவரும் அவனையும் எண்ணிக்கையில் சேர்த்தார்கள்; அவன் அவர்களைச் சேர்த்தான்.

"மேடம், எண்பது ரூம். குறைச்சுக் கட்டினா ஜனங்க நம்மள மன்னிக்க மாட்டாங்க."

"சாக்கடை ஞாபகம் இருக்கில்ல?"

"என் தலையை அடகு வைக்கிறேன் மேடம்."

மறுநாள் காலையே ஹெர்டிஸ் வானொலியில் எண்பது அறை ஹோட்டலை அறிவித்துவிட்டாள். ராக்னா வானொலியை அணைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்து டோர்கிரிம் அவளைக் கட்டிப்பிடித்து விடைபெற்றான்.

மழை விட்டிருந்தது. படகில் ஏறும்போது அவன் கழுத்து மட்டும் கோணலாக இருந்தது. மனசு நேராக இருந்தது. டிக்கெட் கிழித்த கிழவர் ஓட்வாரிடம், "ஆபீஸ் பேர்ல ஒரு ரசீது குடுங்க பெரியவரே" என்றான். இனி எதை மறைக்க வேண்டும்?

ஓட்வார் நிமிர்ந்து பார்த்தார். "ஓ, நீங்களுமா?"

"ஆமா. ஹோட்டல் வருது. இனி டூரிஸ்ட் கூட்டத்துல உங்க படகு தாங்காது பாருங்க."

"டூரிஸ்டா?" என்றார் ஓட்வார் நிஜமான ஆச்சரியத்தோடு. "அப்படி ஒரு ஆளையும் நான் இதுவரைக்கும் ஏத்தினதில்லயே தம்பி, இங்க வர்றவங்க மொத்தப் பேரும் ஒவ்வொரு ஆபீஸ்லேருந்து ஹோட்டல் வேணுமான்னு பாக்க வர்றவங்கதானே!"