நல்லகாமனுக்கு வந்த சுரம்

அந்தச் சனிக்கிழமை காலையில் பல் விளக்கும்போதே நல்லகாமன் முடிவு பண்ணிவிட்டார். உலகமே எதிர்த்து நின்றாலும் தன் ஓட்டு சென்னைப் பாடகி வசுமதிக்குத்தான். உலகம் என்று அவர் நினைத்தது அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த மனைவி சத்யப்ரியாவை.

நல்லகாமன் கப்பலூரில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கர்நாடக சங்கீதம் அவரைப் பிடித்து நாலு வருசம் ஆகிறது. பிடித்தது சங்கீதமா, சபா கேன்டீனா என்பதில் வீட்டுக்குள் இரண்டு கருத்து உண்டு. எப்படியோ சபாவின் ஐந்து பேர் குழுவில் ஓர் ஆளாகிவிட்டார். மார்கழி விழாவில் முதல் நாள் மாலைக் கச்சேரியை யாருக்குக் கொடுப்பது என்று ஒரே சண்டை. இரண்டு பேர் சங்கீதப் பரம்பரையில் வந்த வசுமதி என்றார்கள். இரண்டு பேர் மேலூர் முத்துமீனா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஐந்தாவது கை நல்லகாமனுடையது. ஒரு வாரமாக அந்தக் கையைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

முத்துமீனாவின் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நெல் அறுத்தவர்கள். மூன்று வருசமாக அந்தப் பெண் அதே சபாவில் பகல் இரண்டு மணிக்குப் பாடுகிறாள். அது சாப்பிட்டவர்கள் கண்ணயரும் நேரம். இந்த வருசமும் இரண்டு மணிதான் என்றால், பாட்டை மூட்டைகட்டி வைத்துவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். சத்யப்ரியா கணக்கு டீச்சர். தன் பள்ளி ஆண்டு விழாவில் முத்துமீனா பாடியதை, உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே கேட்டவள்.

"அந்தப் பிள்ளை பாட்டை நீங்க கேட்டிருக்கீகளா?" என்றாள் தோசையை வைத்தபடி.

"கேட்டாத்தான் தெரியணுமா? சங்கீதமெல்லாம் ரத்தத்துல இருக்கணும்."

"உங்க ரத்தத்துல சுகர்தான் இருக்கு. போன வாரம் டெஸ்ட்ல வந்துச்சே."

நல்லகாமன் பாரம்பரியம் என்றார். நம் வீட்டுப் பாரம்பரியத்தில் கடைசியாகப் பாடியது யார் என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார். உழும்போது மாட்டை அதட்டியதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் இன்னொரு தோசை கேட்டார்.

மத்தியானம் பக்கத்து வீட்டு பீமாராவ் வந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சபாவில் ஒரு கச்சேரியையும் விடாத ரசிகர். முத்துமீனாவின் ஊர்ப்பக்கத்துக்காரர். குரலுக்கு யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை என்று அவர் மெதுவாகச் சொல்ல, தனக்கு அந்த வேற்றுமையெல்லாம் கிடையாது, கண்ணை மூடிக் கேட்டால் தரம் தன்னால் தெரிந்துவிடும் என்று நல்லகாமன் நெஞ்சை நிமிர்த்தினார்.

அப்படியா என்று சத்யப்ரியா போனை எடுத்தாள். முதலில் போடுவது வசுமதி என்றாள். பாட்டு கிளம்பியது. நல்லகாமன் கண்ணை மூடி, தொடையைத் தட்டி, தலையை எட்டுத் திசைக்கும் ஆட்டினார். என்ன ஞானம், என்ன கம்பீரம் என்றார். "அந்தத் தம்பூரா நாதத்தைப் பாருங்கண்ணே, கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி."

அடுத்தது முத்துமீனா என்றாள். அவர் முகம் சுருங்கியது. சுருதி நிற்கவில்லை, சொல்லில் மேலூர்ப் புழுதி அடிக்கிறது என்றார்.

சத்யப்ரியா போனை உற்றுப் பார்த்தாள். மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முதலில் பாடியதுதான் முத்துமீனா என்றாள்.

நல்லகாமன் திகைத்தார். இவள் பொய் சொல்கிறாளோ? பொய் என்றால் முதல் பாட்டு வசுமதி. மெய் என்றால் இரண்டாவது வசுமதி. மறுபடி போடச் சொன்னார். இப்போது இரண்டாவது பாட்டில் பாரம்பரியம் லேசாகத் தலைகாட்டியது. முதல் பாட்டில் புழுதி கிளம்பியது. உடனே அவள், இல்லையில்லை, முன்னால் சொன்னதுதான் சரி என்றாள். பாரம்பரியம் திரும்ப இடம் மாறியது. மூன்றாம் தடவை கேட்டபோது இரண்டு பாட்டிலும் இரண்டும் இருந்தன. அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"யாருடி பாடுறது? உண்மையைச் சொல்லு."

பீமாராவ்தான் சொன்னார். "தம்பி, ரெண்டும் முத்துமீனாதான். போன வருசம் ரெண்டு மணிக் கச்சேரி. நான்தான் பதிவு பண்ணி இவங்களுக்கு அனுப்புனேன்."

"அப்ப அந்தத் தம்பூரா?"

"முன்வரிசையில நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க. அது உங்க குறட்டை."

அன்று சாயங்காலம் முழுக்க நல்லகாமன் மனசுக்குள் கணக்குப் போட்டார். வசுமதிக்குக் கை தூக்கினால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது. முத்துமீனாவுக்குத் தூக்கினால் தோற்றுப்போன மாதிரி. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகினார். கூட்டத்துக்குப் போகாவிட்டால் இரண்டுக்கு இரண்டு. சமமாக நின்றால் முடிவு சபாத் தலைவர் கையில்; வசுமதி பக்கம் இருந்த அவர் தன் விருப்பப்படி வசுமதியையே போட்டுவிடுவார். பழி தன் மேல் விழாது.

சத்யப்ரியா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. ஆனாலும் பதறுகிற மாதிரி பீமாராவைக் கூப்பிட்டாள்.

"சுரம்ணே. ஏறிக்கிட்டே போகுது."

"ஆரோகணம் சரி. அவரோகணம் எப்ப?" என்றார் அவர்.

செயலாளருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அவளே சொன்னாள். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினாள்: உடல்நிலை மிக மோசமாக இருப்பதால் குழுப் பொறுப்பில் இருந்து விலகிக்கொள்கிறேன், என் இடத்தில் என் மனைவி சத்யப்ரியாவைச் சேர்த்துக்கொண்டு அவர் ஓட்டை ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போர்வைக்குள் நல்லகாமனுக்கு நிஜமாகவே வேர்த்தது. எழுந்து உட்கார்ந்து மறுத்தால் காய்ச்சல் பொய்யாகிவிடும். "ம்ம்ம்..." என்று முனகத்தான் முடிந்தது.

"சம்மதம்ங்குறாரு" என்று சொல்லி அவள் பேனாவை அவர் விரலுக்குள் செருகினாள். பீமாராவ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தோடு கூட்டத்துக்குப் போன சத்யப்ரியா மதியம் ஒரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சாட்சிக் கையெழுத்தோடு இருந்த கடிதத்தை யாராலும் மறுக்க முடியவில்லை; மூன்றுக்கு இரண்டு, முதல் நாள் மாலை முத்துமீனாவுக்கு என்றாள். அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது நிஜமாகவே சாயங்காலம்தானா என்று இரண்டு தடவை கேட்டாளாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் சத்யப்ரியா அதைச் சொன்னாள். நல்லகாமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் ஏதோ இளகுகிற மாதிரி இருந்தது. அது ஒருவேளை பசியாகவும் இருக்கலாம். போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப விழாவுல எனக்கு ஒரு வேலையும் இல்லையா?" என்று கேட்டார்.

"அதெப்படி இல்லாம இருக்கும்? வாசல்ல செருப்புக்கு டோக்கன் கொடுக்க ஆள் இல்லைன்னாக. உங்க பேரைக் கொடுத்துட்டு வந்தேன். அங்க பாட்டு நல்லாக் கேக்கும். யாரு பாடுறாகன்னுதான் தெரியாது."