மங்காத வசனம்

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. எங்கள் சபைக்கு போர்டு எழுதும் பெயின்டர். நான் அந்தச் சபைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. மனிதர்கள் செய்ததாக அவர் சொன்னதெல்லாம் நம்பும்படியாகத்தான் இருந்தது. கடவுள் செய்ததாகச் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான் தொண்டையில் நின்றது.

பெயின்டர் குடியிருந்த சந்தின் வாயை ஒரு நாள் சிமெண்டுக் கடைக்காரர் சுவர் வைத்து அடைத்துவிட்டார். அவருடைய கார்களுக்கு நிழல் வேண்டியிருந்தது. பெயின்டரின் மனைவி தள்ளுவண்டியில் துணி தேய்த்துப் பிழைப்பவள். ஆட்கள் பின்பக்கச் சாக்கடையைத் தாண்டி வெளியே போய்விடலாம். வண்டிக்குத் தாண்டத் தெரியாது. வண்டி உள்ளே, வாடிக்கை வெளியே.

ஆராதனை முடிந்ததும் பெயின்டர் பாஸ்டரிடம் முறையிட்டார். பாஸ்டர் கண் கலங்கினார். கமிட்டி கூடியது. அநீதியைக் கண்டு சபை மௌனமாக இருக்கலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. சுவரை வன்மையாகக் கண்டிப்பது. கட்டியவரைக் குறித்து அன்பினிமித்தம் எதுவும் சொல்லாமல் இருப்பது. சிமெண்டுக் கடைக்காரரும் கமிட்டியில் இருந்தார். அவரும் கை தூக்கினார்.

"அந்தச் சுவர் ரொம்பத் தப்பு" என்றார் மனம் உருகி.

"அப்போ இடிச்சிடலாமே அண்ணே" என்றார் பெயின்டர்.

"அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல விழிப்புணர்வு வரட்டும்" என்றார் செயலாளர்.

விழிப்புணர்வு வந்தது, வெள்ளை டீ-சர்ட் போட்டுக்கொண்டு. நெஞ்சில் உடைந்த செங்கல் படம். அது இல்லாமல் பாடகர் குழுவில் நிற்கவே பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். தங்கள் அளவில் டீ-சர்ட் கிடைக்காத சிலர்தான் அநீதி என்றால் என்னவென்று நேரடியாக உணர்ந்தார்கள். ஊர்வலம் சுவர்வரை போயிற்று. மேற்கொண்டு போக வழியில்லாததால் அங்கேயே நின்று ஜெபித்தார்கள். வெறும் சுவர் முன்னால் படம் எடுத்தால் எடுப்பாக இல்லை என்று பட்டதால், பாதையைச் செவ்வையாக்கச் சொல்லும் வசனத்தை அதன்மேல் எழுதுவதென்று முடிவாயிற்று. எழுதும் பாக்கியம் பெயின்டருக்கே.

அவர் நீல நிறத்தில், ஆள் உயரத்துக்கு எழுதினார். கடைப் பெயரும் 'இங்கே குப்பை கொட்டாதீர்' அறிவிப்பும் எழுதிய கையை முதல்முறையாகத் தெருவே நின்று பார்த்தது.

மனைவி சாக்கடை தாண்டி வந்து பார்த்தாள். "எழுத்து நல்லாத்தாங்க இருக்கு. வண்டி எப்ப வெளிய வரும்?"

அதற்கு வழியும் அவளே கண்டாள். சிலருடைய துணியை மூட்டையாகத் தலையில் சுமந்து கொண்டுவந்து வீட்டிலேயே தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்; அதில் நகராட்சி என்ஜினியரின் சட்டைகளும் உண்டு. அவற்றை மட்டும் அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"என்னம்மா இது?"

"வண்டி வெளிய வந்தா தேய்ப்பும் வரும் சார்."

கசங்கிய சட்டையோடு கமிஷனர் முன்னால் நின்ற அன்றைக்கே, அந்தச் சுவர் பொதுப்பாதை ஆக்கிரமிப்பு என்பது என்ஜினியருக்குப் புலப்பட்டது.

புல்டோசர் வந்தபோது டீ-சர்ட்டுகள் சுவர் முன்னால் கைகோத்து நின்றன.

"நீங்க கண்டிச்ச சுவர்தானே இது?" என்றார் என்ஜினியர்.

"இன்னும் கண்டிக்கிறோம் சார்" என்றார் செயலாளர். "ஆனா வசனத்தை இடிக்க விடமாட்டோம்."

"வசனத்தை விட்டுட்டுச் சுவரை மட்டும் எப்படிய்யா இடிக்கிறது?"

"அதைத்தான் நாங்களும் ஜெபத்துல வெச்சிருக்கோம்."

சிமெண்டுக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ஜினியர் தீர யோசித்து ஆணை பிறப்பித்தார்: எழுத்து மங்கிப் படிக்க முடியாமல் போகும்வரை அது வசனம், அதற்குப் பிறகு சுவர். சுவரானதும் இடிக்கப்படும். சபை ஆமென் சொன்னது.

"ஏங்க, பெயின்ட் எவ்வளவு நாள் தாங்கும்?" என்று வீட்டில் கேட்டாள் மனைவி.

"மட்டமான பெயின்ட்தான். நல்லா நாலு மழை அடிச்சா போயிடும்."

அவள் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு வைத்தாள். மழை வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. எழுத்து மங்கவில்லை. சபையில் அதைச் சாட்சியாகச் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். எழுதின கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வண்டிக்குள் கோழி அடைகாத்தது. மனைவி எண்ணெய் விடுவதை எப்போது நிறுத்தினாள் என்று பெயின்டருக்கு நினைவில்லை.

"எல்லாம் அவர் செயல்" என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்பார்.

போன வாரம் அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றேன். சபை அலுவலகத்தில், புல்டோசர் வந்த அன்று எடுத்த படம் மாட்டியிருக்கிறது. அதையும் போய்ப் பார்த்தேன்; அதில் எழுத்து வெறும் நீலம். பிறகு பெயின்டர் வீட்டுக்குச் சாக்கடை தாண்டிப் போனேன்.

"அண்ணே, எழுத்து தானா மங்காம நிக்குதுங்கறதை நம்புறேன். அந்தத் தங்கக் கலர் ஓரம் எந்த வருஷம் தானா வந்துச்சு?"