மேப் அண்ணை அனுப்பிய ஊர்

ஆக்லாந்தில் உலகம் முழுவதையும் பார்த்து முடித்தவர் ஒருவர்தான். அவர் விமானம் ஏறியதோ, இங்கே வந்து சேர்ந்த அன்று மட்டும். சிங்கப்பூரிலிருந்து ஆக்லாந்து வரை, பக்கத்து சீட்டு வெள்ளைக்காரரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாராம். "இறங்கேக்க அந்த மனுசன்ர கை நீலமாப் போச்சு" என்பார். அதன்பின் விமான நிலையப் பக்கம்கூடப் போனதில்லை.

நகரின் ஒனிஹங்கா பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் நான் கணினி தட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அங்கே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். உலகத்தை வரைபடத்திலேயே பார்த்து முடித்ததால் எங்களுக்கு அவர் மேப் அண்ணை. யாராவது லீவு கேட்டால் மேனேஜருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாளே, பழைய டெலிவரி சீட்டின் பின்பக்கத்தில், பஸ் மாறும் இடம் முதல் கழிப்பறை வரை குறித்த திட்டம் நம் மேஜைக்கு வரும். ஃபிஜிக்குத் தேனிலவு போன ஒருவனைக் கரும்பு ரயில் பாதை பார்க்க அனுப்பினார். அவன் மனைவி இன்றுவரை அவரிடம் பேசுவதில்லை.

2014இல் நானும் என் மனைவியும் சீனாவுக்குக் கிளம்பினோம்.

"யுன்னானுக்குப் போம் தம்பி. பாய் சனத்தின்ர கலாசாரத்தைப் பாரும்."

"பாய்னா பிரியாணி நல்லா இருக்குமாண்ணே?"

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது வேற பாய். இது அங்கத்த ஒரு இனம். டாலிப் பழைய நகரத்தில நிக்காதையும். பெரிய கோட்டை வாசல், கடை, லைட் எண்டு கூட்டம். இருவது கிலோமீட்டர் வடக்க ஷிஜோ இருக்கு. சின்ன ஊர். சனம் தங்கட பழைய வீடுகளிலயே இருக்குதுகள். டாலியில மூண்டு மணித்தியாலம், ஷிஜோவில மூண்டு நாள். விளங்கிச்சோ?"

விளங்கியது. ஆனால் டாலியில் இறங்கியதும் மழை. ஹோட்டலில் மெத்தை நன்றாக இருந்தது. காலை உணவு இலவசம். மூன்று நாளும் அங்கேயே கிடந்தோம். "அந்த அண்ணன்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றாள் மனைவி. "பாத்துக்கலாம்" என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

திரும்பி வந்த அன்று மதியம், சாப்பாட்டு அறையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஷிஜோ எப்பிடி?"

"அற்புதம்ணே!"

"வீடெல்லாம் எந்தப் பக்கம் பாத்தது?"

"தெற்குப் பக்கம்."

பேனாவை மெதுவாக மூடினார். மேற்கே மலை இருப்பதால் அங்கே வீடுகள் கிழக்கு பார்த்துத்தான் கட்டுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு எப்போதோ தெரியும்.

அந்த நேரம் பார்த்து, கணக்குப் பிரிவு சாந்தி, மலேசியாக்காரி, குறுக்கே வந்தாள். "டிசம்பர்ல நாங்களும் போறோம் லா. ஷிஜோல எங்க தங்குனீங்க?"

நான் வாயைத் திறந்தேன். எந்தப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

"தம்பி பயணக் களைப்பில இருக்கிறார் பிள்ளை" என்றார் மேப் அண்ணை. "நான் எழுதித் தாறன்."

மறுநாள் சாந்தி அந்தச் சீட்டை என்னிடம் காட்டினாள். அத்தனையும் அவர் கையெழுத்து. அடியில், 'தம்பி போய் வந்து சொன்னது' என்று என்னையும் சேர்த்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "அண்ணே, நான் ஷிஜோவுக்குப் போகவே இல்ல."

"ஓம், தெரியும்."

"மழைண்ணே. டாலியிலயே இருந்துட்டோம்."

"மழையோ?" முகம் மலர்ந்தது. காரின் மேல் நோட்டை விரித்தார். "அந்த ஊர் மழை எப்பிடி? அதைச் சொல்லும்."

ஓட்டுக்கூரையில் விழுந்த சத்தம், மலையை மேகம் மறைத்தது, குடை விற்ற கிழவி என்னை ஏமாற்றியது என்று ஒரு மணி நேரம் சொன்னேன். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். நான் பேசியதை அவ்வளவு ஆசையாக வேறு யாரும் கேட்டதில்லை.