ஆள்காட்டியின் ஒற்றை விசில்

குரும்பலூர் எல்லைக்குள் ஆள்காட்டிக்குத் தெரியாமல் எமனால்கூட நுழைய முடியாது. அப்பேர்ப்பட்ட மனிதரை ஊர் முன்னால் நான் கேலிப்பொருளாக்கினேன். தெரிந்தேதான் செய்தேன்.

அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விசிலை மட்டும் டிப்போவில் ஒப்படைக்கவில்லை. புது ஆள் கண்ணில் பட்டால் ஒரு விசில்: நில். விசாரித்துத் திருப்தியானால் இரண்டு விசில்: போகலாம். பெண் பார்க்க வந்தவர்களின் வேனையே நிறுத்திக் குலம் கோத்திரம் கேட்டவர். மனித வாடை பட்டாலே கத்தும் ஆள்காட்டிக் குருவியின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

ஊருக்கு வெளியே சரளைக் காட்டில் சோலார் பண்ணை வரவிருந்தது. அங்கே எங்கே செடி வைப்பது, பறவைகளுக்கு எந்த இடத்தை விடுவது என்று திட்டம் எழுதியவன், தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற நான். வாசலில் புல்தரை, பூமரங்கள் என்று அழகாக வரைந்திருந்தேன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"சார், நீங்க புல்லு போடற எடத்துல ஆள்காட்டி முட்ட வச்சிருக்கு. அது வெறுந்தரையிலதாங்க வைக்கும்."

உண்மைதான். ஆனால் வரைபடத்தை மாற்றச் சோம்பல். "ஆள்காட்டி எங்கங்க முட்ட வைக்கும்? விசில்தான் அடிக்கும்" என்றேன். அதிகாரிகள் வரை சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் ஜேசிபி இறங்கியது. செய்தி கேட்டு ஓடினேன். தலைக்கு மேல் குருவி அலறிச் சுற்ற, அவர் சரளையில் சம்மணம் போட்டிருந்தார். கல்லோடு கல்லாக எதிரே நான்கு முட்டைகள்.

"யோவ் பெரிசு, எந்திரி! மண்ணோட அள்ளிருவேன்!" என்று கத்தினான் ஜேசிபி டிரைவர்.

"அள்ளுறா பாப்போம்! டிக்கெட் எடுத்தியாடா நீ?"

வாளியைத் தாழ்த்தியபடி வண்டி நகர்ந்தது. நான் கத்தியது இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பத்தடி இருக்கும்போது ஒரே ஒரு விசில். டிரைவரின் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. அவன் முன்பு மினி பஸ் ஓட்டியவனாம்.

நானும் போய் உட்கார்ந்து, "தப்பு என்னோடது. தெரிஞ்சேதான் சிரிக்க வச்சேன்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "தள்ளி உக்காருங்க. முட்ட ஒடஞ்சிரும்."

திட்டத்தில் புல்தரையை அடித்துவிட்டு, 'சரளை அப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். "சும்மா கெடக்கறதுக்கு எதுக்கு சார் பிளானு?" என்றார் பண்ணை மேனேஜர். மூன்று குஞ்சுகள் வந்தன. ஒரு முட்டை பொரியவில்லை.

அதன்பின் அந்தப் பக்கம் எப்போது போனாலும் எனக்கு ஒற்றை விசில்தான். "யாரு? எந்த ஊரு?" ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் என்னைக் கண்டதும் குருவி கத்தியது. "ஏய், சும்மா இரு. நம்ம சாருதான்" என்று அதை அதட்டினார். பிறகு இரண்டு விசில்.

போகலாம் என்று அர்த்தம். நான் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.