ரூபஸ் வாசித்த நண்டுக் கதை

"தெனம் அரைமணி நேரம் கதை வாசிச்சுக் காட்டுங்கண்ணே. ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசிச்சாலும் நல்லதுதான். ஞாபகத்துக்கு ஒரு பிடி கெடைக்கும்" என்று நர்ஸ் கனி பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை நீட்டியபோது ரூபஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அப்பா சூசைமுத்துவுக்கு மறதி நோய். நாலு மாதமாக மகனைப் பார்த்து, "தம்பி யாரு, பாம்பன் ஆளா?" என்று கேட்கிறார். அந்த வாய் ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அதற்காக ரூபஸ் எதையும் செய்வான். வாசிப்பதைத் தவிர. அவனுக்குத்தான் எழுத்தே தெரியாதே! பெண் பார்க்கப் போன இடத்தில் "பத்தாவது பாஸ்" என்று அளந்ததை மனைவி ஆஸ்லினிடம் பன்னிரண்டு வருஷமாகக் காப்பாற்றி வருகிறான். வாட்ஸ்அப்பில்கூடப் பேசித்தான் அனுப்புவான். கேட்டால், கையெல்லாம் மீன் கவிச்சி என்பான்.

"நீ வாசியேன் ஆஸ்லின்."

"மகன் குரல்தான் வேணும்னு நர்ஸ் சொல்லுச்சுல்ல? நானா மகன்?"

வேறு வழி? புத்தகத்தை விரித்து, வாய்க்கு வந்ததை அவிழ்த்து விட்டான். ஒரு ஊரில் ஒரு நண்டு. வலையில் மாட்டி ஒரு காலை இழந்தது. அப்பா கண் கொட்டாமல் கேட்டார்.

மறுநாள் நண்டு இரண்டு காலை இழந்தது.

"நேத்து ஒரு கால்தான போச்சு?" என்றார் அப்பா. காலையில் தின்ற இட்லியை மறந்த மனுஷன்!

"இன்னொண்ணு இன்னிக்குக் காலையிலதான் போச்சுப்பா."

ஆஸ்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையிலேயே அறிவித்துவிட்டார்கள்: மறதிக்காரப் பெரியவர்களுக்கு ரூபஸ் இன்று கோயில் மண்டபத்தில் கதை வாசிப்பார்!

கடலுக்கு ஓடிவிடலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை எவன் படகை எடுப்பான்? காய்ச்சல் என்று படுத்தான். ஆஸ்லின் நர்ஸையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். காய்ச்சலும் இல்லை, தப்பவும் வழியில்லை.

மண்டபத்தில் ஏழெட்டுப் பெரியவர்கள். முன்வரிசையில் அப்பா. நண்டு மூன்றாவது காலை இழக்கும் நேரம் பார்த்து நர்ஸ் கனி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, படத்துல சிங்கம்ல நிக்குது. நண்டு எங்கன வந்துச்சு?"

மண்டபமே சிரித்தது. ஆஸ்லின் எழுந்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஒரு வரியில் விரலை வைத்து, "ஏங்க, இதை மட்டும் வாசிங்க" என்றாள்.

ரூபஸ் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட்டம் சிரித்ததுகூடப் பெரிதில்லை, இவளை இத்தனை வருஷம் ஏமாற்றியதை நினைத்தால்தான் தலை நிமிரவில்லை.

"எனக்கு... எனக்குத் தெரியாது ஆஸ்லின்."

சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையிலிருந்து சூசைமுத்து கையை ஊன்றி எழுந்தார்.

"அவனை ஏசாதீக தாயி. சின்னப் புள்ளையிலயே அவனுக்கு எழுத்து ஏறாது. இது எம் மகன் ரூபஸு!"