எரிமலைமேல் என் கடைசி வார்த்தைகள்

மனமுடைந்து கிடக்கிறவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவனைத் தேற்றியே தீருவது என்று கிளம்புகிறவன்தான் ஆபத்தானவன். முன்னவன் பேசாமல் கட்டிலில் கிடப்பான். பின்னவன் விமான ரிக்கற் எடுப்பான்.

அந்த வசந்தத்தில் கட்டிலில் கிடந்தவன் அன்ரன். ரிக்கற் எடுத்தவன் நான்.

அன்ரனும் நானும் மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில், பிரெஞ்சு ஒரு சொல்லும் விளங்காமல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து முழித்தவர்கள். அவன் பிறகு பிரெஞ்சையும் பிடித்துக்கொண்டான், பனிச்சறுக்கையும் பிடித்துக்கொண்டான். எனக்கு இரண்டும் அரைகுறை. வளர்ந்தபின் அவன் மாடிக் கட்டடங்களில் லிப்ட் திருத்தும் வேலைக்குப் போனான். நான் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து உடம்பை வளர்த்தேன்.

அவனுக்குக் கல்யாணம் சரிவந்தது. ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமை கோயிலில் பின்னேரப் பூசை, இரவு மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஹோலில் விருந்து. எல்லாருக்கும் அழைப்பு கொடுத்தாயிற்று. அப்போதுதான் பெண் வேண்டாமென்று சொன்னாள். தவக்காலத்தில் சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் குடியை விடுவார்கள். அவள் அன்ரனை விட்டாள்.

எங்கள் கோயில் பங்கிலிருந்த அத்தனை வீடுகளிலிருந்தும் அவனுக்குச் சாப்பாடு வந்தது, செத்தவீட்டுக்கு வருகிற மாதிரி. அவன் ஒன்றையும் தொடவில்லை. (வீணாகப் போகக்கூடாதே என்று நான் சாப்பிட்டேன். துக்கத்தில் பங்கெடுப்பது என்றால் அதுவும்தான்.) எப்போது போனாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே பதில்தான்: "எனக்கு ஒண்டுமில்லை மச்சான். நீ போ."

அவனோடு வேலை செய்கிற மாத்தியூ என்ற கியூபெக்காரன் ஒவ்வொரு வசந்தத்திலும் மேற்குக் கரைக்குப் போய் எரிமலைகளில் ஏறிச் சறுக்குகிறவன். இந்த முறை அன்ரனையும் இழுத்துக்கொண்டு போகலாமா என்று என்னிடம் கேட்டான். கேட்டது அவ்வளவுதான். "நானும் வாறன்" என்று சொன்னது நானாகவே. கல்யாணத்துக்குக் குறித்த அதே சனிக்கிழமையில் மலையில் நிற்கவேண்டும், அப்போதுதான் அவனுக்கு அந்த நாள் நினைவு வராது என்று திட்டம் போட்டதும் நான்தான்.

"மேலே இழுத்துப்போக லிப்ட் இல்லாத மலையில் ஏறிப் பழக்கமா?" என்று மாத்தியூ பிரெஞ்சில் கேட்டான். கேள்வியில் பாதிதான் விளங்கியது. ஓம் ஓமென்று "வி, வி" என்றேன். என் அனுபவம், மகளைச் சறுக்குப் பழக்கக் கூட்டிக்கொண்டு போய், அவளுடைய வகுப்பிலேயே நானும் சேர்ந்து பழகியது. முடிவில் அவளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

என் மனைவி நிரோவுக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை.

"அன்ரன் அண்ணைக்கு ஆறுதல் வேணுமெண்டால் இஞ்ச வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். உங்களோட எரிமலைக்குப் போகோணுமே?"

"அது அணைஞ்ச எரிமலை, நிரோ."

"நீங்கள் போய் நிண்டால் அது திரும்ப எரியும்."

மலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, அதற்கு ஏன் அவமானம்? வான்கூவரில் இறங்கி, கார் பிடித்து, மழைக்குள்ளேயே வடக்கே போனோம். வழியெல்லாம் மழை. தங்கின இடத்திலும் மழை. அன்ரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் இருந்து அந்த மழையைப் பார்த்தான். அவனுக்குச் சொல்வதற்கென்று விமானத்திலேயே ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். வாழ்க்கை, காலம், கடவுளின் சித்தம் எல்லாம் அதில் இருந்தன. சரியான தருணத்துக்காகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை விடியுமுன்பே கிளம்பினோம். முதலில் காடு. சேற்றில் நடை. முதுகில் செங்குத்தாகக் கட்டிய ஸ்கீகள் ஒவ்வொரு மரக்கிளையிலும் மாட்டின. ஒவ்வொரு கிளையும் தன்னிடமிருந்த மழைத் தண்ணீரை என் கழுத்துக்குள் ஊற்றியது. காடு முடிந்ததும் பனி. ஸ்கீயின் அடியில் ஒரு மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறவேண்டும். அது பின்னுக்கு வழுக்காமல் பிடிக்கும். மாத்தியூ ஒரே ஒரு பாடம் சொல்லித் தந்தான்: இராக்குளிரில் பனி இறுகிக் கிடக்கும், வெயில் ஏற மேற்பரப்பு இளகும், அந்த நேரம் பார்த்துச் சறுக்கி இறங்கிவிடவேண்டும். பிந்தினால் பனி கஞ்சியாகிச் சரியத் தொடங்கும். ஆகவே ஒருவரும் பிந்தக்கூடாது.

நான் பிந்தினேன். குதிக்காலில் கொப்புளம். மூச்சு இல்லை. அதற்கிடையில் அழுகின முட்டை நாற்றம் வேறு. முன்னால் போன மாத்தியூவிடம் வயிறு சரியில்லையா என்று பரிவோடு கேட்டேன். அவன் தடியை நீட்டிக் காட்டினான். பனியில் ஒரு கரிய ஓட்டை, அதிலிருந்து ஆவி.

"அணைந்த எரிமலை என்றாயே?"

"தூங்குகிற எரிமலை என்றேன்" என்றான். (பிரெஞ்சை ஒழுங்காகப் படித்திருக்கவேண்டும்.)

உச்சிக்குக் கிட்டப் போகும்போது முகில் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. மாத்தியூ இறங்க வழி பார்த்துவர ஒருபக்கமாகப் போனான். பனி ஏற்கெனவே காலடியில் இளகிக்கொண்டிருந்தது. அன்ரன் ஸ்கீயைக் கழற்றிக் குத்திவைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான். மணிக்கூட்டைப் பார்த்தான்.

"மொன்ட்ரியால்ல இப்ப பின்னேரம். பூசை தொடங்கியிருக்கும்" என்றான்.

அவன் மறக்கவேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். அவனோ நேர வித்தியாசம்வரை கணக்குப் பார்த்து வைத்திருந்தான்.

"எழும்பு மச்சான். மாத்தியூ வந்தவுடன இறங்கோணும்."

"நீங்கள் ரெண்டுபேரும் இறங்குங்கோ. நான் பேந்து வாறன்."

"பேந்து எண்டால் எப்ப?"

அவனுடைய முகத்தைப் பார்த்தேன். அது களைத்த முகமல்ல. அவனுக்கு எழும்புவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பேச்சுக்கான தருணம் இதுதான் என்று முடிவெடுத்தேன். நானும் ஸ்கீகளைக் கழற்றி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றைக் குத்தினேன். மற்றதைப் பனிமேல் கிடத்தினேன். "இஞ்ச பார் அன்ரன், வாழ்க்கை எண்டிறது..." என்று தொடங்கினேன். கிடத்திய ஸ்கீ அசைந்தது. யாரிடமும் சொல்லாமல் கல்யாணவீட்டிலிருந்து கழன்றுகொள்கிற விருந்தாளியைப்போல மெல்ல நகர்ந்து, பிறகு வேகமெடுத்தது. நான் அதன்மேல் பாய்ந்தேன். ஸ்கீ தப்பிவிட்டது. நான் தப்பவில்லை.

தலை கீழாக, வயிறு பனியில் உரச, முகிலுக்குள் போனேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. ஏதோ ஒரு மேட்டில் மோதி நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. முட்டை நாற்றம் மட்டும் பலமாக இருந்தது. அந்தக் கரிய ஓட்டையின் விளிம்பில்தான் கிடக்கிறேன், அசைந்தால் உள்ளே போய்விடுவேன் என்று நிச்சயமாக நம்பினேன்.

"அன்ரன்!" என்று கத்தினேன். "நிரோவிட்டச் சொல்லு!"

மேலேயிருந்து குரல் வந்தது. "என்னடா சொல்ல?"

சாகப்போகிறவன் என்ன சொல்வான்? அன்பைச் சொல்லலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். கடைசிக்கு ஒரு அருள்நிறை மரியே செபமாவது சொல்லலாம். நான் சொன்னது இது:

"வின்ரர் ரயர் இன்னும் கழட்டேல்லை!"

"என்னது?"

"கார் ரயரடா, பனிக்குப் பூட்டினது! மாத்திற சம்மர் ரயர் பேஸ்மெண்டில பின்னுக்குக் கிடக்கு! நட்டெல்லாம் கோப்பி ரின்னுக்குள்ள!"

மேலே ஒரு சத்தம் கேட்டது. பனிதான் சரிந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது அன்ரன் சிரித்த சத்தம். தொடங்கும்போது சிரிப்பு, போகப்போக என்னவென்று சொல்லமுடியவில்லை.

"உனக்கென்ன விசரே? அசையாதை! நான் வாறன். கதைச்சுக்கொண்டே இரு, நிப்பாட்டாதை!"

கதைத்தேன். ரயரில் எவ்வளவு காற்று அடிக்கவேண்டும், ஜாக்கி யாரிடம் இரவல் போயிருக்கிறது, எந்தச் சில்லின் நட்டு இறுகிப்போயிருக்கிறது என்று எல்லாவற்றையும் அந்த வெள்ளைக்குள் ஒப்புவித்தேன். அவன் ஸ்கீயை மாட்டிக்கொண்டு, என் குரலைப் பிடித்துப் பிடித்துப் பக்கவாட்டில் சறுக்கி வந்து என் சட்டையைப் பற்றினான். பார்த்தால் நான் கிடந்தது ஒரு சமதரையில். ஓட்டை பக்கத்தில் எங்குமே இல்லை.

ஆனால் சற்று நேரத்தில், எங்கள் சத்தம் கேட்டு மாத்தியூ வந்து சேரும்போது, இடதுபக்கத்தில் மலை முனகியது. நாங்கள் ஏறிவந்த தடத்தின் குறுக்கே ஈரப்பனி ஒரு பெரிய பாயைச் சுருட்டுவதுபோல் சரிந்து போனது. அன்ரன் என் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

மிச்ச மலையை நான் இருந்த இருப்பிலேயே இறங்கினேன். மாத்தியூ முன்னால் வழி பார்க்க, அன்ரன் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சந்தையிலிருந்து ஆடு கொண்டுபோகிறவனைப்போல வந்தான். என் காற்சட்டையின் பின்பக்கம் பாதி வழியில் விடைபெற்றது. ஸ்கீ கிடைக்கவேயில்லை. அந்த மலை என்றாவது கண்விழித்தால் முதலில் வெளியே வருவது அதுவாகத்தான் இருக்கும்.

காருக்கு வந்தபோது மறுபடி மழை. நான் என்ன கத்தினேன் என்று மாத்தியூ கேட்டான். அன்ரன் மொழிபெயர்த்தான். மாத்தியூவின் முகம் இறுகிவிட்டது. "மே மாதம் வரப்போகிறது, இன்னுமா மாற்றவில்லை?" என்றான். அன்று முழுவதும் நடந்தவற்றில் அது ஒன்றுதான் அவனை உண்மையில் அதிரவைத்தது.

அன்ரன் பின் சீற்றில் இருந்து வான்கூவர்வரை அழுதான். சத்தமாக, மூக்கைச் சிந்திச் சிந்தி. கல்யாணம் நின்றதற்குப் பிறகு அவன் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. என் பேச்சில் ஒரு வரிகூட எனக்கு நினைவு வரவில்லை.

கோடை முடிவதற்குள் அவன் வேலையை மாற்றிக்கொண்டு வான்கூவருக்கே போய்விட்டான். மலையைப் பார்த்தால் மூச்சு விடமுடிகிறது என்றான். அவனுடைய அம்மா இன்றைக்கும் பூசை முடிந்து வெளியே வரும்போது எனக்கு முகம் தருவதில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விட்டவன் நான்தானே.

வீட்டில் இது முடியாத பகிடியாகிவிட்டது. நான் பால் வாங்கத் தெருமூலைத் தெப்பனர் கடைக்குக் கிளம்பினாலும் நிரோ வாசலில் நின்று, "ஏதும் சொல்லவேண்டியது இருக்கோ? ரயரைப் பற்றி?" என்று கேட்பாள். மகள் தன் சிநேகிதிகளுக்கு இதைப் பிரெஞ்சில் சொல்கிறாள். பிரெஞ்சில் நான் இன்னும் மோசமாகத் தெரிகிறேன்.

அன்ரன் நத்தாருக்கு வாழ்த்துச் சொல்லப் போன் எடுப்பதில்லை. பிறந்தநாளுக்கும் எடுப்பதில்லை. பனி கரைகிற காலத்தில் மட்டும் அவனிடமிருந்து போன் வரும். சுகம்கூடக் கேட்கமாட்டான்.

"கழட்டியாச்சோ?"

"இன்னும் இல்லையடா."

இந்த வருடம் நான் நேரத்தோடேயே மாற்றிவிட்டிருந்தேன். நட்டுகளைப் பூட்டிய கிறீஸ் கையில் இன்னும் போகாமல் இருந்தபோதுதான் போன் அடித்தது. அதே கேள்வி.

"இன்னும் இல்லையடா" என்றேன்.

"சரி. அப்ப அடுத்த கிழமை எடுத்துக் கேக்கிறன்" என்றான்.